வெடிப்புள்ள பாறை எப்படிச் சறுக்குகிறது: மலையக வெட்டுச்சரிவுகளுக்கான முழுமையான வழிகாட்டி

வீதிக்காகவோ வீட்டுக்காகவோ மலையை வெட்டும் இடங்களில் அடிக்கடி காதில் விழும் பேச்சு ஒன்று உண்டு: "கல்லுதானே, நிக்கும்." கல் நிற்கும் என்பது உண்மைதான். மலையகத்தின் கடினமான பாறை வகையான சார்னொக்கைட்டில், வானிலையால் சிதையாத துண்டு ஒன்றை ஆய்வுகூடத்தில் அமுக்கி உடைக்கப் பொதுவாக 100 மெகாபாஸ்கலுக்கு மேல் தேவைப்படும். 10 மீற்றர் உயரமுள்ள வெட்டின் அடியில் பாறையின் சொந்த எடை தரும் அமுக்கம் 0.26 மெகாபாஸ்கல்தான். அதாவது கல் தன் எடையால் நசுங்கி உடைய வழியே இல்லை. விழுவது வேறு காரணத்தால்: கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே ஏற்கெனவே இருக்கும் வெடிப்பின் வழியே ஒரு தொகுதி வழுக்கி இறங்குகிறது. ஆகவே "பாறை எவ்வளவு பலமானது?" என்று கேட்பதில் பெரிய பயன் இல்லை. "வெடிப்பு எங்கே, எந்தப் பக்கம் சாய்கிறது, உள்ளே என்ன இருக்கிறது?" என்றுதான் கேட்க வேண்டும்.

இந்த வழிகாட்டி தொழில்நுட்ப உத்தியோகத்தர்கள், பொறியியல் மாணவர்கள், ஒப்பந்தக்காரர்கள் ஆகியோருக்கானது. பாறை தெரியும் வெட்டுகளுக்கு மட்டுமே இது பொருந்தும். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்களை மூடியது போன்ற மண்சரிவுகள் பெரும்பாலும் தளர்ந்த மண்ணும் கற்களும் கலந்த படிவுகளில் நிகழ்பவை. அவற்றுக்குக் கணக்கு வேறு.

படி 1: விசை எப்படிப் பிரிகிறது என்று பாருங்கள்

சாய்ந்த வெடிப்பின் மேல் ஒரு பாறைத் தொகுதி கிடக்கிறது. அதன் எடை இரண்டாகப் பிரியும். ஒரு பங்கு தளத்துக்குச் செங்குத்தாக அழுத்தும். இது செவ்வன் தகைப்பு. மறு பங்கு தளத்தின் வழியே கீழே இழுக்கும். இது ஷியர் தகைப்பு. (தகைப்பு என்றால் ஒரு சதுர மீற்றர் பரப்பில் விழும் விசை.) முதலாவது தொகுதியைப் பிடித்து வைக்கிறது, இரண்டாவது இழுத்துத் தள்ளுகிறது. இழுப்பு பிடிப்பை மிஞ்சினால் சறுக்கல்.

பிடிப்புக்கான அடிப்படை விதியை 18ஆம் நூற்றாண்டிலேயே கூலோம் எழுதிவிட்டார்: பிடிப்பு என்பது ஒட்டும் தன்மையும், செவ்வன் தகைப்பை உராய்வுக் கோணத்தின் தான்சனால் பெருக்கி வரும் அளவும் சேர்ந்தது. உராய்வுக் கோணம் என்பது, ஒட்டும் தன்மை இல்லாத உலர்ந்த தளத்தில் தொகுதி தானாக நழுவத் தொடங்கும் சாய்வு. வெடிப்பு என்பது ஏற்கெனவே பிரிந்த இடம் என்பதால் ஒட்டும் தன்மையைப் பூச்சியம் என்று எடுப்பதே பத்திரம். மிஞ்சுவது உராய்வு மட்டும்.

ஆனால் இயற்கையான வெடிப்பு மழமழப்பான தளம் அல்ல. 1966இல் பற்றன் செய்த ஆய்வு இங்கேதான் முக்கியமாகிறது. வெடிப்பின் இரு முகங்களும் வாளின் பற்கள் போல ஒன்றுக்குள் ஒன்று பொருந்தியிருந்தால், மேல் தொகுதி முன்னே நகர்வதற்குப் பற்களின் மேல் ஏறியாக வேண்டும். ஏறும்போது வெடிப்பு விரிகிறது. பல்லின் சரிவு 10 பாகை என்றால், உராய்வுக் கோணத்தோடு அந்த 10 பாகையும் சேர்ந்துகொள்ளும். அழுத்தம் மிகக் கூடினால் ஏற முடியாமல் பற்கள் வெட்டுப்பட்டுப் போகும். நிலத்துக்குக் கீழே ஆழத்தில் செல்லும் சுரங்கங்களில் இந்த இரண்டாவது நிலையையும் எதிர்பார்க்க வேண்டும். வீதியோர வெட்டில் அழுத்தம் குறைவு என்பதால் ஏறுவதுதான் நடக்கும்.

ஒரு முறை ஏறி இறங்கிவிட்டால் பழைய பிடிப்பு திரும்பாது. ஆய்வுகூடத்தில் வெடிப்பின் மேல் பாதியைக் கீழ்ப் பாதியின் மேல் தள்ளி நேர் ஷியர் சோதனை செய்தால், பிடிப்பைக் காட்டும் வளைகோடு முதலில் செங்குத்தாக ஏறி, உச்சம் தொட்டு, பிறகு தாழ்ந்து ஒரு மட்டத்தில் நிலைக்கும். அந்தத் தாழ்ந்த மட்டம் எஞ்சிய வலிமை. முன்பு ஒரு தடவை நகர்ந்த பாறைத் தொகுதிக்கு உச்ச வலிமையை வைத்துக் கணக்குப் போடக்கூடாது.

படி 2: மலையின் எந்தப் பக்கம் நிற்கிறீர்கள்?

இலங்கையின் மத்திய மலைநாடு ஹைலண்ட் கொம்ப்ளெக்ஸ் என்ற தொன்மையான உருமாறிய பாறைத் தொகுதியில் அமைந்தது. நைஸ், சார்னொக்கைட், குவார்ட்சைட், இடையிடையே பளிங்குக்கல். நைஸ் பாறையில் கருப்பும் வெளுப்புமாக வரிகள் ஓடுவதை யாரும் பார்க்கலாம். அந்த வரிகள் ஓடும் தளத்தை வரித்தளம் என்று வைத்துக்கொள்வோம். பாறை பிளப்பதற்கு விரும்பும் திசை அதுதான். பழைய கல்லுடைக்கும் தொழிலாளி உளியை எந்தப் பக்கம் வைக்க வேண்டும் என்று யோசிக்காமலே அறிந்திருப்பது இந்தத் தளத்தை வைத்துத்தான்.

இந்த வரித்தளங்கள் பெரிய மடிப்புகளாக மடிந்து சாய்ந்திருப்பதால் பல மலைத்தொடர்களுக்கு இரண்டு முகங்கள் உண்டு. ஒரு பக்கம் தளங்கள் மலைக்குள்ளே சாயும். அங்கே செங்குத்தான பாறைச் சுவர் இருக்கும். மறு பக்கம் தளங்கள் நிலச்சரிவோடு சேர்ந்து பள்ளத்தாக்கை நோக்கிச் சாயும். அங்கே சரிவு மென்மையாக, தேயிலை நடத் தோதாக இருக்கும். பார்ப்பதற்குச் சுவர்தான் பயமுறுத்தும். வெட்டுக்கு ஆபத்தானது பெரும்பாலும் அந்த மென்மையான பக்கம். காரணம் எளிது: அடிவாரத்தில் நேராக வெட்டும்போது, சாய்ந்து வரும் தளங்களின் கால் அறுபட்டு, அவை வெட்டு முகத்தில் வெளியே திறந்துவிடுகின்றன. அதற்கு மேலே கிடக்கும் தொகுதிக்கு முட்டுக் கிடையாது.

ஒரே வீதி, ஒரே பாறை, எதிரெதிரே இரண்டு வெட்டுகள். ஒன்று பல ஆண்டு அசையாமல் நிற்கும், மற்றது ஒவ்வொரு மழைக்கும் கல் தள்ளும். இதைக் கண்டால் வியக்க வேண்டாம், கொம்பாஸை எடுங்கள்.

சுவர்ப் பக்கத்துக்கும் அதற்கேயுரிய ஆபத்து உண்டு. செங்குத்தான வெடிப்புகள் தகடுகளைப் பிரித்து முன்னால் கவிழ்க்கும். அது சறுக்கல் அல்ல, கவிழ்தல். எல்ல – வெல்லவாய வீதி போன்ற செங்குத்தான இடங்களில் இரண்டையும் மனதில் வைத்தே பார்க்க வேண்டும்.

படி 3: வெடிப்புகளை அளந்து எழுதுங்கள்

தேவையானவை: கிளினோமீட்டர் (சாய்வுமானி) உள்ள திசைகாட்டி, அளவு நாடா, புவியியல் சுத்தியல், குறிப்பேடு, கெமரா, தலைக்கவசம். தொலைபேசியின் திசைகாட்டி செயலி முதல் பார்வைக்குப் போதும். இரும்பு வலையோ வாகனமோ பக்கத்தில் இருந்தால் எந்தத் திசைகாட்டியையும் நம்பாதீர்கள்.

வெட்டு முகத்தில் நாடாவை நீளமாகக் கட்டி, அதைக் கடக்கும் ஒவ்வொரு வெடிப்பையும் பதியுங்கள். முதலில் சாய்வும் சாய்வுத் திசையும்: 35/140 என்று எழுதினால், தளம் கிடையிலிருந்து 35 பாகை கீழே, வடக்கிலிருந்து வலஞ்சுழியாக 140 பாகைத் திசையில் சாய்கிறது என்று பொருள். பிறகு இடைவெளி, வெடிப்பின் நீளம், வாய் எவ்வளவு திறந்திருக்கிறது, உள்ளே என்ன நிரம்பியிருக்கிறது, ஈரமா உலர்வா.

நீளத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். 1 மீற்றரில் நின்றுவிடும் வெடிப்புக்கும் 15 மீற்றர் தொடர்ந்து ஓடும் வெடிப்புக்கும் வானத்துக்கும் பூமிக்குமான வித்தியாசம். முன்னதில், தொகுதி விழ வேண்டுமென்றால் நடுவே உள்ள நல்ல கல் உடைய வேண்டும். பின்னதில் தடையே இல்லை.

பெக்கோ வாளியால் தோண்டக்கூடிய அளவுக்குச் சிதைந்த பாறையையும் "இது மண்" என்று ஒதுக்கிவிடாதீர்கள். நம் மழைக்கும் வெப்பத்துக்கும் நைஸ் பல மீற்றர் ஆழத்துக்கு மண்ணாகிப் போயிருக்கும். ஆனால் பழைய வெடிப்புகள் அந்த மண்ணுக்குள் அப்படியே இருக்கும். புது வெட்டில் கையால் சுரண்டிப் பாருங்கள்: கறுத்த, மினுமினுக்கும், எண்ணெய் தடவியது போன்ற மெல்லிய பூச்சுள்ள தளம் தென்பட்டால் அது மாங்கனீசும் இரும்பும் படிந்த பழைய வெடிப்பு. மண் போலத் தோன்றும் அந்தச் சரிவு பாறை போலத் தட்டையாகச் சறுக்கும்.

படி 4: வெடிப்பின் முகத்தைத் தொட்டுப் பாருங்கள்

எனக்கு இந்தப் படிதான் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுகிறது. ஒரு வெடிப்பின் மேல் கையை வைத்துத் தடவினால் கிடைக்கும் அறிவு எந்தப் புகைப்படத்திலும் கிடைக்காது.

குவார்ட்சைட் வெடிப்பு மணற்தாள் போலச் சொரசொரக்கும். மைக்கா என்ற மினுமினுக்கும் தகட்டுக் கனிமம் நிறைந்த நைஸின் வரித்தளமோ விரலில் பளபளப்பை ஒட்டிவிட்டு வழுக்கும். களிமண் இருந்தால் நகத்தால் சுரண்டி அதன் தடிப்பை அளந்து எழுதுங்கள். களிமண்ணின் தடிப்பு பற்களின் உயரத்தைத் தாண்டிவிட்டால் கல்லும் கல்லும் தொடவே தொடாது. அங்கே கணக்குக்கு வர வேண்டியது களிமண்ணின் உராய்வுக் கோணம். அது 20 பாகைக்கும் கீழே போகலாம்.

சுத்தமான வெடிப்புக்கு, பார்ட்டனும் சௌபேயும் 1977இல் செம்மைப்படுத்திய முறையை உலகெங்கும் பயன்படுத்துகிறார்கள்:

உராய்வுக் கோணம் = எஞ்சிய கோணம் + ஜே.ஆர்.சி. × மடக்கை (ஜே.சி.எஸ். ÷ செவ்வன் தகைப்பு)

எஞ்சிய கோணம் என்பது படி 1இல் சொன்ன எஞ்சிய வலிமைக்குரிய உராய்வுக் கோணம். ஜே.ஆர்.சி. என்பது சொரசொரப்பின் அளவு. மழமழப்பான தட்டைத் தளத்துக்கு 0, மிகக் கரடான தளத்துக்கு 20. ஜே.சி.எஸ். என்பது வெடிப்பு முகத்தின் அமுக்க வலிமை; அடித்ததும் எவ்வளவு துள்ளுகிறது என்று காட்டும் ஷ்மிட் சுத்தியலால் அளக்கலாம். முகம் சிதைந்திருந்தால், உள்ளே இருக்கும் நல்ல கல்லின் வலிமையில் கால்வாசியாகக்கூடக் குறைந்திருக்கலாம். மடக்கை 10ஐ அடியாகக் கொண்டது.

ஷ்மிட் சுத்தியலும் ஆய்வுகூடமும் இல்லையென்றாலும் சாய்வுச் சோதனை செய்யலாம். இயற்கையான வெடிப்பு நடுவே ஓடும் ஒரு கல்லை எடுத்து, இரு பாதிகளையும் பொருத்தி, பலகையின் மேல் வைத்து மெதுவாகச் சாயுங்கள். மேல் பாதி நழுவும் கணத்தில் கோணத்தை அளந்து எழுதுங்கள். பல தடவை செய்து சராசரி எடுங்கள். அந்தக் கோணத்தை அப்படியே வெட்டுக்குப் பயன்படுத்தக்கூடாது. பலகையில் அழுத்தம் மிகக் குறைவு என்பதால் கோணம் உயர்ந்து தெரியும். அதிலிருந்து ஜே.ஆர்.சி.யைப் பின்னோக்கிக் கணித்து எடுக்க வேண்டும்.

படி 5: சறுக்க வழியிருக்கிறதா?

ஒற்றைத் தளச் சறுக்கலுக்கு மூன்று நிபந்தனைகள் சேர்ந்து வர வேண்டும். தளத்தின் சாய்வுத் திசை வெட்டு முகத்தின் திசைக்கு இருபுறமும் ஏறத்தாழ 20 பாகைக்குள் இருக்க வேண்டும். தளம் முகத்தைவிடச் சாய்வு குறைந்ததாக இருந்து, முகத்தில் வெளியே திறக்க வேண்டும். தளத்தின் சாய்வு உராய்வுக் கோணத்தைவிடக் கூடியதாக இருக்க வேண்டும். இரு வெடிப்புகள் வெட்டிக்கொண்டு ஆப்பு வடிவத் தொகுதியை உருவாக்கினால், அவை சந்திக்கும் கோட்டுக்கு இதே கேள்விகளைக் கேளுங்கள். தளங்களின் சாய்வையும் திசையையும் ஒரே வட்டத்தில் காட்டும் ஸ்டீரியோநெட் வரைபடத்தில் எல்லா வெடிப்புகளையும் குறித்தால் இது ஒரே பார்வையில் தெரியும்; இலவச மென்பொருள்கள் உண்டு.

மூன்றாவது நிபந்தனையை வைத்து ஒரு தளத்தை அவசரமாக ஒதுக்கிவிடாதீர்கள். அது உலர்ந்த தளத்துக்கானது. ஏன் என்பதை அடுத்த கணக்கு காட்டும்.

படி 6: கணக்குப் போடுங்கள்

தளம் 35 பாகை. மேலே 2 மீற்றர் தடிப்பில் பாறைத் தகடு. ஒரு கனமீற்றர் 26 கிலோநியூட்டன். தளத்தின் ஒரு சதுர மீற்றரை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

எடை 52 கிலோநியூட்டன். செவ்வன் பங்கு 42.6, இழுக்கும் பங்கு 29.8.

கையளவு மாதிரியில் எஞ்சிய கோணம் 28 பாகை, ஜே.ஆர்.சி. 6, ஜே.சி.எஸ். 30 மெகாபாஸ்கல் என்று வந்தது என வையுங்கள். செவ்வன் தகைப்பு 0.0426 மெகாபாஸ்கல். வாய்பாட்டில் இட்டால் உராய்வுக் கோணம் 45 பாகை. பிடிப்பை இழுப்பால் வகுத்து வரும் பாதுகாப்புக் காரணி 1.43; இது 1க்குக் கீழே போனால் சறுக்கல். நல்ல எண். இங்கே நிறுத்தினால் தவறு.

காரணம், 10 சென்ரிமீற்றர் மாதிரியில் தெரியும் சின்னப் பற்கள் 5 மீற்றர் நீளத் தளத்தில் அதே வேலையைச் செய்வதில்லை. பெரிய தளத்தில் முகங்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் தொடும். இதற்கான பார்ட்டனின் அளவுத் திருத்தத்தைச் செய்தால் ஜே.ஆர்.சி. 6இலிருந்து 3.75க்கும், ஜே.சி.எஸ். 30இலிருந்து சுமார் 15க்கும் இறங்கும். உராய்வுக் கோணம் 37.5 பாகை. பாதுகாப்புக் காரணி 1.10. கையில் எடுத்த மாதிரிக்கும் மலைக்கும் இடையே ஏழரைப் பாகை காணாமல் போயிருக்கிறது. இந்தத் திருத்தத்தைச் செய்யாத அறிக்கையை ஏற்க வேண்டாம் என்பதே என் ஆலோசனை.

இனி மழை. வெடிப்புக்குள் சராசரியாக 1 மீற்றர் நீர்மட்ட அமுக்கம் ஏறினால், ஒவ்வொரு சதுர மீற்றரிலும் 9.8 கிலோநியூட்டன் தளத்துக்குச் செங்குத்தாக வெளியே தூக்கும். செவ்வன் பங்கு 32.8 ஆகக் குறையும். இழுக்கும் பங்கில் ஒரு துளியும் குறையாது. அழுத்தம் குறைந்ததால் வாய்பாட்டின்படி உராய்வுக் கோணம் ஏறத்தாழ 38 பாகைக்கு ஏறினாலும், பாதுகாப்புக் காரணி 0.86. தகடு இறங்கும்.

தளம் 35, உராய்வு 37.5 என்று படி 5இல் ஒதுக்கியிருக்கக்கூடிய அதே தளம்தான் இது. அதே இடத்தில் 20 பாகைக் களிமண் இருந்தால் உலர்ந்த நிலையிலேயே காரணி 0.52, வெட்டும்போதே வந்துவிடும்.

படி 7: தண்ணீரின் வழியைத் தேடுங்கள்

மழைநீர் பாறையை வழுக்கலாக்குவதால்தான் சறுக்குகிறது என்று பலர் எண்ணுகிறார்கள். முக்கிய காரணம் அதுவல்ல. வெடிப்புக்குள் ஏறும் நீரமுக்கம் தொகுதியைத் தூக்கி, செவ்வன் தகைப்பைக் குறைப்பதே. 1959 டிசம்பர் 2 அன்று தெற்குப் பிரான்ஸின் மல்பாசே அணை உடைந்து 400க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அணையின் கொங்கிரீட் நன்றாகவே இருந்தது; இடது கரையின் நைஸ் பாறைக்குள் நீரமுக்கம் ஏறி, வரித்தளமும் ஒரு பிளவுத்தளமும் சேர்ந்து வெட்டிய ஆப்பு நகர்ந்தது. அங்கும் நைஸ், இங்கும் நைஸ்.

வெடிப்புகள் எவ்வளவு தூரம் ஒன்றோடொன்று கைகோத்திருக்கின்றன என்பதற்கு உமா ஓயா நீர்த்திட்டச் சுரங்கமே போதும். 2014 இறுதியில் சுரங்கத்துக்குள் பெருமளவு நீர் புகுந்த பின், மேலே பண்டாரவளைப் பகுதியில் கிணறுகள் வற்றின, வீடுகளில் வெடிப்பு விழுந்தது.

நீரின் தடத்தைக் கண்டுபிடிக்கச் சிறந்த கருவி அங்கே குடியிருப்பவர்கள். "தம்பி, மழ விட்டு ரெண்டு நாளைக்கு அப்புறந்தான் இந்தக் கல்லுல தண்ணி கசியும்" என்று தோட்டத்து அம்மா ஒருவர் சொன்னால் அதை அப்படியே குறிப்பேட்டில் எழுதுங்கள். மேலே எங்கோ நீர் சேர்ந்து, நீண்ட வெடிப்பின் வழியே தாமதமாக வருகிறது என்று அதற்குப் பொருள். மழை விட்டதும் வீதியைத் திறந்துவிடலாம் என்ற முடிவை இந்த ஒரு வாக்கியமே மாற்றக்கூடும். வெட்டுக்கு மேலே ஏறி, உச்சியில் வாய் பிளந்த வெடிப்பு, தேயிலை மலையின் உடைந்த கான், கழிவுநீர்க் குழி, குழாய்க் கசிவு எல்லாவற்றையும் வரைபடத்தில் குறியுங்கள்.

படி 8: வெடிப்புகள் எண்ணற்றவை என்றால்

பாறை பல திசைகளிலும் சிறு துண்டுகளாக நொறுங்கியிருந்தால் தனித் தளக் கணக்கு பொருந்தாது. முழுப் பாறைத் திணிவையும் ஒன்றாக எடுத்து, பாறைத் திணிவின் வலிமையைக் கணிக்கும் ஹோக் – பிரவுண் விதியையும் ஜி.எஸ்.ஐ. என்ற புவியியல் வலிமைச் சுட்டெண்ணையும் பயன்படுத்த வேண்டும். அங்கே சறுக்கும் பரப்பு மண்ணில் போல வளைந்து போகும். ஆனால் நொறுங்கிய பாறைக்குள் ஒரே ஒரு நீண்ட வெடிப்பு வெளிப்பக்கம் சாய்ந்திருந்தாலும், முதலில் அதைத் தனியாகச் சோதியுங்கள்.

படி 9: தீர்வு, இந்த ஒழுங்கில்

முதலில் வடிகால். உச்சியில் கான் வெட்டி நீரைத் திருப்புங்கள். வாய் பிளந்த வெடிப்பைக் களிமண்ணால் அடையுங்கள். முகத்தில், உள்ளிருந்து வெளியே நீர் வடியும்படி சற்று மேல்நோக்கிச் சாய்ந்த துளைகளை, சறுக்கும் தளத்தைக் கடந்து போகும் ஆழத்துக்குத் துளையுங்கள். நம் உதாரணத்தில் நீர்மட்டத்தைப் பாதியாக்கினால் காரணி 0.86இலிருந்து 0.98க்கு ஏறும்.

பிறகு போல்ட், அதாவது பாறையில் துளையிட்டு உள்ளே பொருத்தி இறுக்கும் உருக்குக் கம்பி. காரணியை 1.3க்கு உயர்த்த, தளத்துக்குச் செங்குத்தாகச் சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 12.5 கிலோநியூட்டன் வேண்டும். 100 கிலோநியூட்டன் இழுவிசை கொடுத்து இறுக்கிய ஒரு போல்ட் 8 சதுர மீற்றரைத் தாங்கும். வடிகால் இல்லாமல் அதே 1.3ஐ எட்ட, 6 சதுர மீற்றருக்கு ஒன்று தேவைப்படும். போல்ட்டின் பிடிமான நீளம் முழுவதும் சறுக்கும் தளத்துக்கு அப்பால், நல்ல பாறைக்குள் இருக்க வேண்டும். தளத்துக்கு இப்பாலேயே முடியும் போல்ட் தகட்டோடு சேர்ந்து விழும்.

முகத்தில் விசிறிப் பூசும் கொங்கிரீட்டான ஷொட்கிரீட் கடைசி. வடிகால் துளை விடாமல் முகம் முழுவதும் பூசிவிட்டால் தண்ணீர் வெளியேற வழியில்லாமல் உள்ளே அமுக்கம் ஏறும். அழகான சாம்பல் நிறச் சுவர், பின்னால் நிரம்பிய தொட்டி. கம்பி வலை சிறு கற்களைப் பிடிக்கும். தொன் கணக்கான தகட்டைப் பிடிக்காது.

வெடி வைத்து வெட்டுவதானால் முகத்தின் விளிம்பில் நெருக்கமான துளைகளில் குறைந்த மருந்தை முதலில் வெடிக்கச் செய்து பிளவுக் கோட்டை அமைத்துக்கொள்ளுங்கள். மூர்க்கமான வெடி, இறுக மூடியிருக்கும் வெடிப்புகளையும் திறந்துவிடும். மேலிருந்து கீழாக, படிப்படியாக வெட்டி, ஒவ்வொரு படியிலும் போல்ட் இட்ட பின் கீழே இறங்குங்கள். அடியை முதலில் அறுப்பது எந்த அவசரத்திலும் கூடாது. கட்டடம் என்றால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் சிபாரிசை வெட்டுவதற்கு முன்னரே பெறுங்கள்.

படி 10: கண்காணிப்பு

நம் உதாரணத் தளம் உச்ச வலிமையை எட்டுவதற்கு நகர வேண்டிய தூரம் ஏறத்தாழ 9 மில்லிமீற்றர். அதைத் தாண்டினால் பற்கள் ஏறி முடிந்து வலிமை இறங்கத் தொடங்கும். ஆகவே "கொஞ்சம்தான் விரிஞ்சிருக்கு" என்பது ஆறுதல் அல்ல. உச்சி வெடிப்பின் இருபுறமும் ஒவ்வோர் ஆணியைக் கொங்கிரீட்டில் பதித்து, இடையிலுள்ள தூரத்தை மில்லிமீற்றர் கணக்கில் அளந்து, திகதியும் நேரமும் அன்றைய மழையளவும் சேர்த்து எழுதுங்கள். நாளுக்கு நாள் ஒரே வேகம் என்றால் தீர்வுக்கு நேரம் இருக்கிறது. வேகமே கூடிக்கொண்டு போனால் அளப்பதை நிறுத்திவிட்டு ஆட்களை வெளியேற்றுங்கள்.

மழைமானியைக் கட்டாயம் வையுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கை மட்டங்கள் 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றரில் தொடங்கும். 100இல் அடுத்த நிலை. 150ஐத் தாண்டினால், அல்லது ஒரே மணி நேரத்தில் 75 பெய்தால், வெளியேற்றம். பாறை வெட்டில் இவற்றோடு இன்னும் மூன்றைப் பாருங்கள்: வடிகால் துளையில் வழக்கமாக வரும் நீர் திடீரென நின்றுபோவது, தெளிந்த நீர் கலங்குவது, முகத்திலிருந்து சிறு கற்கள் தொடர்ந்து உதிர்வது. இவற்றில் ஒன்றைக் கண்டாலும் வெட்டின் கீழும் மேலும் உள்ள ஆட்களை விலக்கி, வீதியின் இருபுறமும் தடை போட்டு, அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு அழைப்பெடுத்து இடத்தையும் நேரத்தையும் சொல்லுங்கள். மழை விட்டு வெயில் வந்தாலும், கசிவு குறைந்து ஆணிகளின் தூரம் மாறாமல் நிற்கும் வரை தடையை எடுக்காதீர்கள்.